பதினெட்டுப் பென்ஸ் ரூபாய்

1930 ஜனவரி 30-ஆம் தேதி வெளிவந்த 'யங் இந்தியா' இதழில் காந்தி பதினொரு கோரிக்கைகளை வைத்தார். அவற்றை ஏற்றால் சட்டமறுப்புப் பற்றிய பேச்சே எழாது என்று வைஸ்ராய் இர்வினுக்கு உணர்த்துவது நோக்கம். உப்பு வரியை ஒழிக்கும் கோரிக்கை அந்தப் பட்டியலில் நான்காவது. தண்டியும், அதைத் தொடர்ந்து திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்குப் போன நடைப்பயணமும் அதை வரலாற்றில் நிலைக்க வைத்துவிட்டன. நிலவரியைப் பாதியாகக் குறைக்கும் கோரிக்கை மூன்றாவது. இவை இரண்டுக்கும் முன்னால், மதுவிலக்குக்கு அடுத்து, இரண்டாம் இடத்தில் இருந்ததை இன்று யாரும் நினைவுகூர்வதில்லை: ரூபாயின் மாற்று வீதத்தை ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸாகக் குறைக்க வேண்டும். அப்போது அது ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ். இரண்டு பென்ஸ் வித்தியாசத்தை உப்புக்கும் நிலவரிக்கும் மேலே வைக்க வேண்டிய அவசியம் என்ன? நம் கல்லூரிகளில் பன்னாட்டு நிதி படிக்கும் இளங்கலை மாணவரிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. தேவைக் கோட்டையும் அளிப்புக் கோட்டையும் வரைந்து மாற்று வீதம் தீர்மானமாகும் இடத்தை அவரால் காட்ட முடியும். வாங்கும் சக்தி சமநிலைக் கோட்பாட்டை எழுதி மதிப்பெண் வாங்க முடியும். ஆனால் இந்த மண்ணில் ரூபாயின் வெளிமதிப்பு சந்தை கண்டெடுத்த விலையாக இருந்த காலம் குறைவு. 1893 முதல் 1966 வரையான காலத்தில் மிகப் பெரும்பகுதி அது ஓர் அரசாணை. சுமை யார் தோளில் ஏறவேண்டும் என்பதை அந்த ஆணைதான் முடிவுசெய்தது. இந்த வரலாற்றை விட்டுவிட்டு மாற்று வீதத்தைப் படிப்பவர், அதைப் பாதிதான் படிக்கிறார் என்பது என் வாதம்.

தொடக்கத்தில் சிக்கல் இல்லை. 1835-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு ரூபாய் 180 கிரெய்ன் எடை, அதில் 165 கிரெய்ன் சுத்த வெள்ளி. வெள்ளியை நாணயச்சாலைக்குக் கொண்டுபோனால் ரூபாயாக அடித்துத் தருவார்கள். ஆகவே வெள்ளியின் விலையே ரூபாயின் விலை. அது ஏறக்குறைய இரண்டு ஷில்லிங்கில் நின்றது. 1870-களின் தொடக்கத்தில் ஜெர்மனி தங்கத்துக்கு மாறித் தன் வெள்ளியை விற்கத் தொடங்கியது. பிரான்சும் அதன் கூட்டாளி நாடுகளும் வெள்ளி நாணயம் அடிப்பதை நிறுத்தின. அமெரிக்காவின் நெவாடா சுரங்கங்கள் வெள்ளியைக் கொட்டின. லண்டனில் ஓர் அவுன்ஸ் 60 பென்ஸ் விற்ற வெள்ளி 1892-93 வாக்கில் 40 பென்ஸுக்கும் கீழே இறங்கியது. ரூபாயும் கூடவே சரிந்து ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸைத் தொட்டது. விளைபொருள் ஏற்றுமதி செய்தவர்களுக்கு இதில் நட்டமில்லை, சொல்லப்போனால் ஆதாயம். திணறியது அரசாங்கம். 'ஹோம் சார்ஜஸ்' என்ற பெயரில் லண்டனுக்கு ஆண்டுதோறும் ஸ்டெர்லிங்கில் கட்டவேண்டிய தொகை ஒன்று இருந்தது: ரயில்வேக் கடன்களின் வட்டி, ஓய்வுபெற்ற வெள்ளை அதிகாரிகளின் பென்ஷன், படைச் செலவு, இந்தியா ஆபீஸின் நிர்வாகச் செலவு. இந்தியாவுக்கான அமைச்சர் லண்டனில் 'கவுன்சில் பில்' விற்று இந்தத் தொகையைத் திரட்டுவார். அந்த பில்லை வாங்கியவருக்கு இந்தியக் கருவூலம் ரூபாயில் பணம் கொடுக்கும். 1892-93-இல் இப்படி அனுப்பப்பட்டது சுமார் 1.65 கோடி பவுன். அதற்கு இந்திய வரிப்பணத்தில் 26 கோடி ரூபாய்க்கு மேல் போனது. 1873-74-இன் வீதம் நீடித்திருந்தால் 18 கோடிக்கும் குறைவாகவே ஆகியிருக்கும் என்று இந்திய நாணயச் சிக்கலை ஆராய்ந்த ஹெர்ஷல் குழு கணக்குக் காட்டியது.

அரசாங்கத்தின் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன: லண்டன் செலவைக் குறைப்பது, அல்லது எல்லோரும் பார்க்கும்படி வரியைக் கூட்டுவது. இரண்டையும் விட்டு மூன்றாவது ஒன்றை எடுத்தார்கள். 1893 ஜூன் 26-ஆம் தேதி நாணயச்சாலைகள் பொதுமக்களின் வெள்ளிக்கு மூடப்பட்டன. ரூபாய்த் தட்டுப்பாடு உண்டாக்கி அதன் மதிப்பை வெள்ளியின் மதிப்புக்கு மேலே தூக்குவது திட்டம். ஐந்து ஆண்டுகளில் ரூபாய் ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸுக்கு வந்து சேர்ந்தது. இதன் விளைவைக் கிராமத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குடியானவரின் சேமிப்பு வங்கியில் இல்லை. வீட்டுப் பெண்களின் கொலுசிலும் தண்டையிலும் வெள்ளி அரைஞாணிலும் இருந்தது. பஞ்சம் வந்தால் அதை உருக்கினால் ஏறக்குறைய அதே எடைக்கு ரூபாய் கிடைக்கும் என்ற உறுதி தலைமுறைகளாக நிலவியது. நாணயச்சாலை மூடிய அன்று அந்த உறுதி போயிற்று. கொலுசின் வெள்ளி உலகச் சந்தையோடு சேர்ந்து இறங்கிக்கொண்டே போக, வரி கட்டவேண்டிய ரூபாய் மட்டும் ஏறிக்கொண்டே போனது. வரியின் தொகை ஏட்டில் ஒரு காசும் கூடவில்லை; கட்டுவதற்கு விற்கவேண்டிய தானியமும் வெள்ளியும்தான் கூடின. தாதாபாய் நௌரோஜி இதை மறைமுக வரிவிதிப்பு என்று கண்டித்ததில் மிகை ஏதுமில்லை. அதே ஆண்டில் ஐரோப்பிய அதிகாரிகளுக்கு 'எக்ஸ்சேஞ்ச் காம்பென்சேஷன் அலவன்ஸ்' வழங்கப்பட்டது. சம்பளத்தில் பாதியை, ஆண்டுக்கு 1,000 பவுன் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் வீதத்தில் மாற்றிக்கொள்ளும் சலுகை அது. மாற்று வீத மாற்றத்தால் ஒருவருக்கு இழப்பு நேர்ந்தால் ஈடு செய்யலாம் என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்தே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதற்குப் பிறகு ரூபாய் அறிஞர்களின் கைக்குப் போனது. இந்தியா ஆபீஸில் 1906 முதல் 1908 வரை எழுத்தராக வேலை பார்த்த கெயின்ஸ், 1913-இல் தம் முதல் நூலை இந்திய நாணயம் பற்றியே எழுதினார். உள்நாட்டில் வெள்ளி ரூபாயும் நோட்டும், வெளிநாட்டுக் கணக்குக்கு லண்டனில் ஒரு தங்கக் கையிருப்பு என்ற தங்கச் செலாவணி முறை அவருக்குச் சிக்கனமாகவும் நவீனமாகவும் தோன்றியது. பத்து ஆண்டுகள் கழித்து, லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஆய்வு முடித்த அம்பேத்கர் 'ரூபாயின் பிரச்சினை' என்ற நூலில் அதே முறையை மறுத்தார். லண்டனில் ரூபாய்க்கு எத்தனை பென்ஸ் என்பதிலேயே அரசாங்கத்தின் கண் இருக்கிறது, உள்ளூரில் அந்த ரூபாய் எவ்வளவு வாங்கும் என்பதைக் கவனிப்பார் இல்லை என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். இளங்கலைப் பாடத்திட்டத்தில் இந்த இரண்டு நூல்களையும் அருகருகே வைத்தால் ஒரு பருவம் முழுவதற்கும் போதும். இடையில் 1920-இல், போரால் ஏறிய வெள்ளி விலையைக் காரணம் காட்டி, ரூபாயைத் தங்க மதிப்பில் இரண்டு ஷில்லிங்கில் நிறுத்தப் பார்த்தார்கள். அதைப் பரிந்துரைத்த பேபிங்டன் ஸ்மித் குழுவில் தாதிபா தலால் ஒருவர் மட்டும் மறுப்புக் குறிப்பு எழுதினார். அவர் எச்சரித்தபடியே நடந்தது. அந்த வீதத்தைத் தாங்கிப்பிடிக்க 5 கோடி பவுனுக்கு மேல் கையிருப்பை விற்றுத் தீர்த்த பிறகு முயற்சியைக் கைவிட்டார்கள்.

பெரிய சண்டை 1926-இல் வந்தது. இந்திய நாணயத்தை ஆராய அமைத்த ஹில்டன் யங் கமிஷன் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸைப் பரிந்துரைத்தது. அதன் உறுப்பினர் புருஷோத்தம்தாஸ் தாக்குர்தாஸ் ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸுக்காக மறுப்புக் குறிப்பு எழுதினார். 1927-இல் மத்தியச் சட்டசபையில் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் ஆறு பென்ஸ் சட்டமானது. இரண்டு பென்ஸ் என்றால் என்னவென்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ், அதாவது பதினாறு பென்ஸ் ரூபாயில் ஒரு பவுனின் விலை 15 ரூபாய். ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது பதினெட்டுப் பென்ஸ் ரூபாயில் அது 13 ரூபாய் 5 அணா 4 பை. விழுப்புரம் பக்கத்து நிலக்கடலை லண்டனில் 100 பவுனுக்கு விற்றால் முன்பு 1,500 ரூபாய் வந்திருக்கும். இனி 1,333 ரூபாய்தான். மலாயா ரப்பர் தோட்டத்தில் உழைத்தவரின் மணியார்டருக்கும் இதே கதி. ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் 1906 முதல் 28 பென்ஸில் கட்டப்பட்டிருந்தது. அவர் அனுப்பும் 10 டாலர், பதினாறு பென்ஸ் ரூபாயில் பதினேழரை ரூபாயாக ஊர் வந்து சேரும். பதினெட்டுப் பென்ஸ் ரூபாயில் பதினைந்தரை ரூபாயைச் சற்றே தாண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவருக்கு இந்த வெட்டு இல்லை, ஏனென்றால் இலங்கை ரூபாய் இந்திய ரூபாயோடு சம மதிப்பில் கட்டுண்டிருந்தது. ஒரே ஊரிலிருந்து அண்ணன் கண்டிக்கும் தம்பி பினாங்குக்கும் போயிருந்தால், டில்லியில் போட்ட ஒரு சட்டம் தம்பியின் கூலியை மட்டும் குறைத்தது.

கமிஷனின் பெரும்பான்மை உறுப்பினர்கள் சொன்ன வாதத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. இன்றைய பாடநூலும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. ரூபாய் சில காலமாகவே பதினெட்டுப் பென்ஸை ஒட்டி நிற்கிறது, விலைகளும் கூலியும் அதற்கேற்ப இணங்கிவிட்டன, இனிமேல் பதினாறுக்கு மாற்றுவதுதான் குழப்பம் என்றார்கள் அவர்கள். நீண்டகாலப் போக்கில் எந்த வீதமாக இருந்தால் என்ன, விலைகள் சரிசெய்துகொள்ளும் என்பதே இதன் உள்ளடக்கம். விலை இணங்கிவிட்டதா என்பதில் தாக்குர்தாஸ் ஐயம் எழுப்பினார். என்னைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமானது, இணங்கவே முடியாதவை எவை என்ற கேள்வி. சென்னை மாகாணத்தின் ரயத்துவாரி முறையில் நிலவரி முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை ரூபாயில் நிர்ணயமாகும். பதினாறு பென்ஸ் காலத்தில் எழுதிய வரி, பதினெட்டுப் பென்ஸ் காலத்திலும் அதே எண்தான். அதேபோல் அடமானப் பத்திரமும் புரோநோட்டும் எழுதிய நாளின் ரூபாயைச் சொல்லுமே தவிர, விளைச்சலின் விலை இறங்கியது என்று தன்னைத் திருத்திக்கொள்ளாது. நெல்லின் விலை மாறும், கூலி மாறும்; கடனும் வரியும் மாறா. கடன்பட்டவரும் வரி கட்டுபவரும் ஒரே ஆளாக இருக்கும் நாட்டில், விலை இணங்கிவிடும் என்ற வாக்கியம் பாதிக் கணக்கோடு நின்றுவிடுகிறது.

நான்கு பென்ஸுக்காக உரக்கக் குரல் கொடுத்தவர்கள் குடியானவர்களா, பம்பாய் ஆலை முதலாளிகள்தானே என்று கேட்கலாம். கேள்வி சரியானது. 1926-இல் பம்பாயில் தோன்றிய நாணயச் சங்கத்தின் பின்னால் ஆலைப் பணம் இருந்தது. இறக்குமதித் துணி விலை ஏறினால் அவர்கள் துணி விற்கும். தாக்குர்தாஸே பெரும் பஞ்சு வியாபாரி. மறுபுறம், ரூபாய் மதிப்பு உயர்ந்தால் மண்ணெண்ணெயும் துணியும் மலிவாகி ஏழைக்கு நல்லது என்று நிதி உறுப்பினர் பேசில் பிளாக்கெட் தரப்பும் குடியானவரின் பேரைச் சொல்லியே வாதாடியது. இரு தரப்பும் அவர் பெயரை எடுத்தன, இரு தரப்பிலும் அவர் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் வாதிடுபவரின் லாபம் வாதத்தைப் பொய்யாக்கிவிடாது. தன் விளைச்சலில் பெரும்பங்கை விற்றுக் கடனும் வரியும் கட்டிவிட்டு, மிச்சத்தில் சில முழம் துணி வாங்கும் குடும்பத்துக்கு, விற்கும் விலையில் விழும் ஒன்பதில் ஒரு பங்கு அடி, வாங்கும் துணியில் கிடைக்கும் சலுகையைவிடக் கனமானது. பதினாறு பென்ஸுக்குப் போனால் பட்ஜெட்டில் துண்டு விழும், புது வரி போடவேண்டி வரும் என்ற பிளாக்கெட்டின் அடுத்த வாதம் இதற்கு அரண் சேர்க்கிறது. லண்டனுக்கு ஆண்டுக்கு 3 கோடி பவுன் அனுப்புவதாகக் கொண்டால், பதினெட்டுப் பென்ஸ் வீதம் கருவூலத்துக்கு 5 கோடி ரூபாய் மிச்சம் பிடித்துத் தருகிறது. அந்த 5 கோடி வானத்திலிருந்து விழவில்லை. சட்டசபை வாக்களித்து விதிக்காத ஒரு வரியாக அது ஏற்றுமதி விளைச்சலின் விலையிலிருந்து எடுக்கப்பட்டது.

பிறகு பெருமந்தம் வந்தது. நெல் விலை சில ஆண்டுகளில் பாதிக்கு விழுந்தது. இதற்கு இரண்டு பென்ஸைக் குறைசொல்ல முடியாது, உலகமே சரிந்தது என்பார்கள். சரிவைத் தொடங்கி வைத்தது மாற்று வீதம் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தச் சரிவை எதிர்கொள்ள ஒவ்வொரு நாடும் தன் நாணயத்தை எப்படிப் பயன்படுத்தியது என்று ஒப்பிட வேண்டும். ஆஸ்திரேலியா 1931 ஜனவரியில் தன் பவுனை ஸ்டெர்லிங்குக்குக் கீழே இறக்கித் தன் கோதுமைக்கும் கம்பளிக்கும் ஓரளவு தாங்கல் கொடுத்தது. ஜப்பான் அதே ஆண்டு டிசம்பரில் தங்கத்தை விட்டு விலகி யென்னைச் சரியவிட்டது. 1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டனே தங்கத்தை விட்டபோது, ரூபாயைக் கட்டவிழ்க்க இந்தியாவுக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. வைஸ்ராய் வில்லிங்டனும் நிதி உறுப்பினர் ஜார்ஜ் ஷூஸ்டரும் அதைத்தான் விரும்பினார்கள். பதவி விலகுவோம் என்று சொல்லும் அளவுக்குப் போனார்கள். லண்டன் இணங்கவில்லை. ரூபாய் அதே ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸில் ஸ்டெர்லிங்கோடு கட்டப்பட்டது. நிலையான மாற்று வீதம், தடையற்ற மூலதனப் போக்குவரத்து, சொந்தமான பணக் கொள்கை ஆகிய மூன்றும் ஒரு நாட்டுக்குச் சேர்ந்து கிடைக்காது என்று மண்டெல்-ஃபிளெமிங் மாதிரியைக் கற்பிக்கும் வகுப்பில் சொல்வார்கள். முதல் இரண்டையும் வேறொருவர் தீர்மானித்துவிட்ட நாட்டில் மூன்றாவதன் கதி என்ன என்பதற்கு இந்தியாவின் 1930-களைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அந்த வகுப்புக்குக் கிடைக்காது. வீதத்தைக் காக்க அரசாங்கம் பணப்புழக்கத்தைச் சுருக்கியது. ஏற்கெனவே விழுந்த விலைக்கு அது இன்னொரு அடியானது.

கடன்காரர்கள் கதவைத் தட்டியபோது கிராமங்களிலிருந்து வெளியே வந்தது தங்கம். 1927 சட்டத்தின்படி ஒரு தோலா தங்கத்தின் விலை 21 ரூபாய் 3 அணா 10 பை. ஸ்டெர்லிங் தங்கத்தை விட்டுச் சரிந்ததும், அதோடு கட்டுண்ட ரூபாயில் தங்க விலை சில ஆண்டுகளில் 30 ரூபாயைத் தாண்டியது. அட்டிகையும் காசுமாலையும் அடகுக்கடைக்கும் அங்கிருந்து பம்பாய்க்கும் பிறகு கப்பலுக்கும் போயின. 1930-களின் முடிவுக்குள் 300 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தங்கம் நாட்டைவிட்டு வெளியேறியது. விலை ஏறியதால் மக்கள் லாபத்துக்கு விற்றார்கள் என்று அரசுத் தரப்பு சொன்னது. லாபத்துக்கு விற்றவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் பல தலைமுறைகளாகப் பெரும்பாலான ஆண்டுகளில் தங்கத்தை உள்ளே வாங்கியே பழகிய நாடு, நெல் பாதி விலைக்கு விற்ற அதே ஆண்டுகளில் ஒட்டுமொத்தமாக லாபம் பார்க்கும் ஆசைக்கு ஆட்பட்டது என்பதை நம்ப முடியவில்லை. வங்கக் கடலுக்கு அப்பால் அதே ரூபாய் வழங்கிய கீழ் பர்மாவில், கடன் கொடுத்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கையில் 1930-இல் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றின் நிலத்தில் 6 சதவீதம் இருந்தது, 1938-இல் அது 25 சதவீதமானது. அவர்கள் கேட்டது பணம், கிடைத்தது சேறு படிந்த வயல். அந்த வயல்களின் பேரில் கிளம்பிய பகைமையைப் பின்னாளில் அவர்களே சுமந்தார்கள். சென்னையில் ராஜாஜி அரசு 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து பழைய வட்டியைத் தள்ளுபடி செய்தது. மாகாணத்துக்குக் கடனைத் தொட அதிகாரம் இருந்தது. அந்தக் கடனைக் கனக்கச் செய்த வீதத்தைத் தொட இல்லை.

1935-இல் ரிசர்வ் வங்கி திறந்த பிறகும் நிலை மாறவில்லை. எந்த வீதத்தில் ஸ்டெர்லிங் வாங்க வேண்டும், எந்த வீதத்தில் விற்க வேண்டும் என்று ஒரு பென்ஸின் அறுபத்து நான்கில் ஒரு பங்கு வரை வங்கியின் சட்டத்திலேயே எழுதியிருந்தது. முதல் கவர்னர் ஆஸ்போர்ன் ஸ்மித் இந்த வீதம் குறித்தும் வட்டி குறித்தும் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் கிரிக்கோடு மோதிப் பதவி விலகினார். சுதந்திரம் வந்தது, 1949-இல் பிரிட்டனோடு சேர்ந்து ரூபாயும் டாலருக்கு எதிராக இறங்கியது. பவுனுக்கு 13.33 ரூபாய் என்ற கணக்கோ, அதாவது அதே பதினெட்டுப் பென்ஸ், அப்படியே நின்றது. ஹில்டன் யங் கமிஷன் எழுதிய எண் உண்மையில் அழிந்தது 1966 ஜூன் 6-ஆம் தேதி, டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய்க்குப் போனபோதுதான்.

அந்த மாற்றத்தை வைத்து என் வாதத்துக்கு எதிராக ஒரு கேள்வி எழுப்பலாம்: மதிப்புக் குறைவதுதான் உழைப்பவருக்கு நல்லதென்றால் 1966-ஐ ஏன் யாரும் கொண்டாடவில்லை? மதிப்புக் குறைப்பு எப்போதும் நன்மை என்று நான் சொல்லவில்லை. 1926-இல் இந்தியா விளைச்சலை விற்கும் நாடு. 1966-இல் போரும் வறட்சியும் தாக்கி அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நின்ற நாடு. வெளிக்கடனும் இயந்திர இறக்குமதியும் சுமையாக நின்றன. அதே திசை மாற்றம் அப்போது வேறு தோள்களில் விழுந்தது. அதோடு, உலக வங்கியும் அமெரிக்காவும் உதவிக்கு வைத்த நிபந்தனையாக அது வந்ததால், வீதத்தை யார் எழுதுகிறார்கள் என்ற பழைய கேள்வியும் கூடவே வந்தது. அந்தக் கேள்வியில் சென்னையிலிருந்து போன மூன்று தலைவர்களும் ஒருமித்து நிற்கவில்லை. 1965 இறுதிவரை நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி மதிப்புக் குறைப்பைக் கடுமையாக எதிர்த்தவர். உணவமைச்சர் சி. சுப்பிரமணியம், தானியமும் உரமும் வாங்க அந்நியச் செலாவணி வேண்டும் என்ற நெருக்கடியின் நடுவில் நின்று, அதை ஆதரித்தார். காங்கிரஸ் தலைவர் காமராஜருக்கு முடிவெடுத்த பிறகே சொன்னார்கள். கட்சியைக் கேட்காமல் இப்படியொரு முடிவா என்று அவர் கொதித்தார். நாணயத்தின் விலையைப் பற்றி அவர் எழுப்பிய ஆட்சேபம், 1927-இல் சட்டசபையில் தோற்ற தரப்பு எழுப்பியதைப் போலவே, எண்ணைவிட அதை முடிவுசெய்த அறையைப் பற்றியதாக இருந்தது.